மாதிரிக் கம்பெனி

பேட்ஜ் வாங்கும் வரிசையிலேயே எனக்குக் கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டே ஆயுளைக் கழிப்பவர்கள். அப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் திரட்டி, காலங்காலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நிற்க வைத்திருந்தார்கள். ஆளாளுக்குக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா முதுகும் ஒரே மாதிரி வளைந்திருந்தது. எனக்குப் பின்னால் நின்றவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அறுபதைத் தாண்டியவள். ஆனால் அலுப்பு என்பது அவள் முகத்தில் மருந்துக்கும் இல்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். இத்தனை பேருக்குக் கணக்குத் தெரியுமென்றால், அப்புறம் ஏன் எல்லாரும் பில்லைப் பையில் அள்ளிக்கொண்டு நம்மிடம் வருகிறார்கள் என்று திரும்பிக் கேட்டாள். பக்கத்து வரிசையில் ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின இரவு நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்னக் கணக்கு அலுவலகம் நடத்துகிறோம். ஆரம்பித்தவள் அக்கா. நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியபோது, எதிர் மேசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்கார் என்றாள். உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. சாவி செய்யும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு நீள அறை. இரண்டு மேசை, மனசு வைத்தால் மட்டும் ஓடும் ஒரு பிரிண்டர், பில்களைக் கொட்டிப் பிரிக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு. டயர்க்கடை, லாண்டரி, பல் டாக்டர், பூக்கடை, டிரைவிங் ஸ்கூல் என்று எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தெருவையும் அடுத்த தெருவையும் சேர்ந்தவர்கள். பெரிய மீன் எதுவும் கிடையாது. வரி கட்ட வேண்டிய மாதம் வந்தால் மட்டும் எங்களைக் கடவுளாக நினைப்பார்கள்.

நாங்கள் காலங்காலமாக வைத்திருந்த சாஃப்ட்வேரை இந்த வருடக் கணக்கு முடிந்ததும் நிறுத்தப்போகிறோம் என்று அதன் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இனி எல்லாம் கிளவுடில்தானாம். அதற்குத்தான் இந்த மாநாடு. கிளவுட் என்றால் மழை பெய்தால் கணக்கு நனைந்துவிடாதா என்ற ஜோக்கை அன்றைக்கு மட்டும் நான் ஏழெட்டுப் பேர் வாயில் கேட்டேன். எல்லாரும் தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார்கள். கணக்குக்காரர்களின் நகைச்சுவை அவ்வளவுதான்.

அக்காவிடம் நான் சொன்ன காரணம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்பது. உண்மையான காரணம் வேறு. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் அங்கே போயிருந்தேன், அது அக்காவைப் பற்றியது.

கொஞ்ச மாதங்களாக அக்கா தப்புப் போட ஆரம்பித்திருந்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது நம்பவில்லை. லாண்டரிக்கு வாங்கின சோப்புத்தூளைப் பல் டாக்டர் கணக்கில் எழுதியிருந்தாள். சரி, கை தவறிவிட்டது என்று மாற்றினேன். அடுத்த வாரம் பூக்கடையின் ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றியிருந்தாள். அதற்கடுத்து தேதியில் போன வருடத்தைப் போட்டாள். அதற்கப்புறம் ஒரு நாள், டிரைவிங் ஸ்கூல்காரரிடம் போனில் பேசி வைத்துவிட்டு, யார்டா அது பேசினது என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். ஓ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்துவந்தேன். சாயங்காலம் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும், ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவள் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பில்லோடு ஒத்துப் பார்ப்பேன். தப்பைத் திருத்துவேன். ஒன்றைக்கூட விடமாட்டேன். காலையில் அவள் வந்து திறக்கும்போது கணக்கு சுத்தமாக இருக்கும். அவளும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. பகலெல்லாம் என் வேலை, சாயங்காலமெல்லாம் அவள் வேலை. மனுஷன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? ஆனாலும் தாங்கினேன். அக்காவிடம் போய் உனக்கு முடியவில்லை என்று சொல்வதற்கு இது தேவலை என்று தோன்றியது.

என் வீட்டுக்காரிக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. "நேரா சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இப்படி மூடி மூடி வச்சு யாருக்கு என்ன லாபம்?" என்றாள். அவளுக்கு என்ன, சொல்வது சுலபம். அக்கா கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அந்த நீள அறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது நாலு நாள் வீட்டில் இரு என்றதற்கு, வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேசவா என்று கேட்டுவிட்டு மறுநாளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் டயர்க்கடைக்காரரின் வரி ரிட்டர்ன் விஷயத்தில் நான் அசந்துவிட்டேன். நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அக்கா அதை அனுப்பிவிட்டாள். ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போயிருந்தது. அவருக்கு நோட்டீஸ் வந்தது. நான் போய் நின்று பேசிச் சரிசெய்தேன். டயர்க்கடைக்காரர் நல்ல மனுஷர், கத்தவில்லை. கடை வாசலில் என்னைத் தனியாக நிறுத்திவைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைத்தான் நான் ராத்திரியெல்லாம் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஒருவர் சொன்னால் தெருவே சொல்லும். வருடக் கணக்கு முடிவதற்குள் அக்காவை நிஜக் கணக்கிலிருந்து எடுத்தாக வேண்டும். அதே சமயம் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பவும் கூடாது.

அதற்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. புது சாஃப்ட்வேரில் பழகுவதற்கென்று ஒரு பொய்க் கம்பெனி வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அதைப் பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்குமாம். அக்கா அதில் பில்லை ஏற்றட்டும், நான் நிஜத்தில் ஏற்றிக்கொள்கிறேன். அவள் பாட்டுக்கு வருவாள், வேலை செய்வாள், போவாள். எந்தத் தப்பும் யாரையும் தொடாது. இது முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு டிக்கெட் எடுத்தேன். அவளை விட்டுவிட்டு வரலாம் என்றால், புது சாஃப்ட்வேர் பார்க்க எனக்குத் தெரியாமல் போகிறாயா என்று கிளம்பி நின்றாள்.

பெரிய அரங்கில் முதல் கூட்டம். விளக்கெல்லாம் அணைந்து, எங்கிருந்தோ புகை வந்தது. நெருப்போ என்று ஒரு விநாடி எழுந்திருக்கப் பார்த்தேன். அப்புறம்தான் அது வரவேற்பு என்று புரிந்தது. கன்னத்தில் மைக் ஒட்டிய ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசினார். இனிமேல் யாரும் எண்களைத் தட்ட வேண்டாமாம். பில்லைப் படம் பிடித்தால் போதுமாம், அதுவே படித்து, அதுவே எழுதி, அதுவே வங்கியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுமாம். எங்களுக்கெல்லாம் நிறைய நேரம் மிச்சமாகுமாம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கூட்டம் கை தட்டியது. தன் வேலை போகப்போகிறது என்ற செய்திக்கு இவ்வளவு சந்தோஷமாகக் கை தட்டுகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

அக்கா என் காதருகில் குனிந்து, "நம்ம பிரிண்டரைக் கொண்டுவந்து இவன்கிட்ட விடணும்டா. அப்புறம் பேசச் சொல்லு" என்றாள். அவள் இப்படிப் பேசும்போது அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது போலத்தான் இருக்கும். நான்தான் ஏதோ கெட்ட கனவு கண்டுவிட்டு அதை நிஜமென்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றும். அடுத்த நிமிஷமே அவள், "இது எதுக்குடா வந்தோம்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு இருந்த பெரிய களைப்பு அதுதான். அவள் சொல்லும் ஒவ்வொன்றையும் எடுத்து எடைபோட வேண்டியிருந்தது.

இடைவேளையில் அவளைக் காபி கொடுக்கும் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். கையில் ஒரு காபியையும் இரண்டு பிஸ்கட்டையும் கொடுத்து, இங்கேயே இரு, ஒருத்தரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். ஸ்கூலில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி சொல்கிறாயே என்றாள். நான் ஸ்டால்கள் இருந்த பக்கம் நடந்தேன்.

அது ஒரு பெரிய சந்தை. ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரு திரை, ஒரு கிண்ணத்தில் மிட்டாய், ஒரு சிரித்த முகம். பையும் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் இலவசம். வேண்டாமென்றாலும் கையில் திணித்தார்கள். தரைவிரிப்பு வேறு மெத்தென்று இருந்து காலை உள்ளே இழுத்தது. சாஃப்ட்வேர்க்காரர்களின் உதவி மேசையைக் கண்டுபிடித்தபோது என் தோளில் மூன்று பைகள் தொங்கின. அங்கே இருந்த பெண் பொறுமையானவள். என் கேள்வியை நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் திரையில் காட்டி நேராகப் பதில் சொன்னாள்.

அப்படி ஒன்று இருக்கிறதாம். மாதிரிக் கம்பெனி என்று பெயராம். நிஜக் கம்பெனியின் திரைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாதாம். எங்கள் வாடிக்கையாளர்களின் பெயரையே வைத்துக்கொள்ளலாமாம். எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். மாதம் முடிந்தால் மட்டும் அதில் எழுதியதெல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குமாம்.

"புதுசா சேர்ந்தவங்களுக்கு டிரெயினிங் கொடுக்கவா சார்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எவ்வளவு நாளைக்கு வேண்டியிருக்கும் என்று கேட்டாள். அவர்கள் பழகும் வரைக்கும் என்றேன். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவள் எழுதுவதெல்லாம் அழியும் என்பதை நினைத்தபோது உடனே அக்காவிடம் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. ஸ்டாலுக்கு ஸ்டால் நின்று, யாரோ எதையோ விளக்குவதைக் கேட்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு நேரத்தைக் கடத்தினேன். எவ்வளவு நேரம் போனதென்று கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது காபி மூலையில் அக்கா இல்லை. நாற்காலி இருந்தது. கால் வாசி குடித்த காபி இருந்தது. பிஸ்கட் இரண்டும் அப்படியே இருந்தன.

பாத்ரூம் போயிருப்பாள் என்று கொஞ்சம் நின்றேன். அப்புறம் அந்தப் பக்கம் போய் நின்றேன். வெளியே வந்த ஒரு பெண்மணியிடம் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போன் போட்டேன். எடுக்கவில்லை. பெரிய அரங்கில் போய்ப் பார்த்தேன், அடுத்த கூட்டத்துக்கு மறுபடி புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்ஜ் கொடுத்த மேசையில் கேட்டேன். வாசல் காவலாளியிடம் அடையாளம் சொன்னேன், சாம்பல் நிற ஸ்வெட்டர், குட்டை முடி, கண்ணாடி. அவர் சுற்றிலும் கையைக் காட்டினார். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். யாராவது கூட்டிப் போயிருப்பார்களோ, தெருவில் இறங்கி நடந்துவிட்டாளோ, எந்த பஸ்ஸில் ஏறினாளோ என்று என்னென்னவோ ஓடியது. எனக்கு அப்போது என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஏமாற்று வேலைக்கு வழி தேடப் போன நேரத்தில் அக்காவையே தொலைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் சின்னச் சின்ன அறைகளில் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து தலையை நீட்டினேன். மூன்றாவது அறையில் வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு லேப்டாப்பின் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் பைகளோடு சேர்ந்து விழுந்தேன். போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். வகுப்பில் அணைத்து வைக்கச் சொன்னார்கள் என்றாள். எத்தனை நேரம் அந்தக் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஆட்கள் மாடிக்குப் போனார்கள், நானும் வந்தேன் என்றாள். அவள் குரலில் சண்டை இல்லை. ஏதோ யோசனையில் இருந்தாள்.

"இதைப் பாரு" என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் உதவி மேசைப் பெண் எனக்குக் காட்டிய அதே மாதிரிக் கம்பெனி. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே கட்டுப் பில்லைக் கொடுத்து அதில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்றி முடித்து வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அக்காவின் திரையில் கீழே சிவப்பில் ஒரு வித்தியாசம் நின்றது. சின்ன வித்தியாசம் இல்லை.

"டாலி ஆகல" என்றாள்.

புதுசு, பழக்கமில்லை, யாருக்குத்தான் முதல் தடவையே ஆகும் என்று நான் சொல்லத் தொடங்கினேன்.

"அதைத்தான்டா நானும் யோசிக்கறேன். யாருக்கும் முதல் தடவையே ஆகாது. இத்தனை வருஷத்துல எனக்கும் ஆனதில்ல. ஆனா ஆபீஸ்ல கொஞ்ச மாசமா நான் போடறதெல்லாம் ஒரே அடியா டாலி ஆகுது. எனக்கென்ன, திடீர்னு மூளை வளர்ந்துடுச்சா?"

எங்கள் தொழிலில் இருக்கிற எவருக்கும் இது தெரியும். மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கையில் எடுத்து ஒத்துப் பார்த்தால், எவ்வளவு கெட்டிக்காரர் எழுதிய கணக்காக இருந்தாலும் எங்காவது ஒன்று இடிக்கும். வங்கி சொல்லாமல் பிடித்த கட்டணம் இருக்கும், இன்னும் போடாத செக் இருக்கும், ஒரு இலக்கம் மாறியிருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் பிழைப்பு. முதல் தடவையே ஒத்துவந்தது என்று ஒருவன் சொன்னால் அவனைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். நான் அவளுடைய தப்பு ஒன்றுகூட மிஞ்சிவிடக் கூடாதே என்ற பயத்தில், மனுஷர் யாரும் விடுகிற சாதாரணத் தப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. மறைக்கத் தெரிந்தவனாக இருந்தால் நாலைந்தை அப்படியே விட்டிருப்பான்.

"சாயங்காலம் நான் போனப்புறம் நீ உட்கார்ந்து திருத்தறே" என்றாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. நிச்சயமா தெரிஞ்சது இப்பதான். இங்கே எனக்குப் பின்னாடி வந்து திருத்த யாரும் இல்லையே."

வகுப்பு நடத்தியவர் முன்வரிசையிலிருந்து லேப்டாப்களை ஒவ்வொன்றாக மூடி அடுக்கத் தொடங்கியிருந்தார். அக்கா அந்தச் சிவப்பு எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இது மாதிரிக் கம்பெனியாமே, மாதம் முடிந்தால் எல்லாம் அழிந்துவிடுமாமே என்றாள். பிறகு என் தோளில் தொங்கிய பைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு இதுல ஒண்ணை வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கலாம்னு பார்த்தியா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. விசாரித்தேன் என்றேன். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். நான் சின்ன வயதில் எதையாவது உடைத்து ஒளித்துவைத்தால் கண்டுபிடித்துவிட்டு அப்படித்தான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பொய்க் கம்பெனியெல்லாம் வேண்டாம், நீ எப்போதும் போல உட்கார், எப்போதும் போல எழுது, நான் பின்னால் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்றேன்.

"உன் கஷ்டத்தை யார்றா கேட்டா?"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. வகுப்பு நடத்தியவர் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள். போன வருடக் கடைசியில் அவளே தனியாக நரம்பு டாக்டரிடம் போயிருக்கிறாள். பெயர் மறக்கிறது, வழி மறக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஏதேதோ கேட்டுவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கணக்கு எழுதுகிறேன் என்றாளாம். அப்படியென்றால் ரொம்ப நல்லது, அதில் தப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதைவிட நல்ல பரீட்சை கிடையாது என்றாராம்.

"வந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தேன்டா. அந்த மாசம் எழுதினது எல்லாத்தையும். ஒரு தப்பு இல்ல. சந்தோஷத்துல அழுதுட்டேன் தெரியுமா? போய் அவர்கிட்ட சொன்னேன். அப்படின்னா வயசுதான், கவலைப்படாதீங்க, தப்பு வர ஆரம்பிச்சா உடனே வாங்க, சீக்கிரம் வந்தாதான் ஏதாவது பண்ண முடியும்னு அனுப்பிட்டார்."

போன வருடக் கடைசி. நான் திருத்தத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் எத்தனை சாயங்காலம் அந்த மேசையில் உட்கார்ந்து, நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், டீயைக் குடித்துக்கொண்டு அவளுடைய தப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவளிடமிருந்து ஒரு நாளை எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை நீட்டி அதை நிறுத்தினாள். அதெல்லாம் அப்புறம் என்றாள். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்போ சொல்லு. முதல்லேர்ந்து. எதையும் விடாம."

சொன்னேன். என் ஞாபகசக்தி அன்றைக்குச் சனியன் மாதிரி நன்றாக வேலை செய்தது. பல் டாக்டர் சோப்புத்தூள் வாங்கியதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லை அதுலதான் தேய்க்கறாரா?" என்றாள். பூக்கடையின் இரட்டைப் பில்லைச் சொன்னேன். போன வருடத் தேதிகளைச் சொன்னேன். எந்த மாதம், எவ்வளவு இடைவெளியில், ஒரே மாதிரித் தப்பா, வெவ்வேறு தப்பா என்று வாடிக்கையாளரிடம் கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று, இப்போது நாளுக்கு நாலைந்து என்றேன். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரரிடம் பேசி வைத்துவிட்டு யார் என்று கேட்டதையும் சொன்னேன். அது அவளுக்கு நினைவே இல்லை. நிஜமாகவா என்று மட்டும் கேட்டாள். நிஜம்தான் என்றேன்.

டயர்க்கடைக்காரரிடம் வந்து நான் நின்றுவிட்டேன். நோட்டீஸ் வந்தது, போய்ச் சரிசெய்தேன், முடிந்துவிட்டது என்று வேகமாகத் தாண்டப் பார்த்தேன்.

"அவர் என்ன சொன்னார்?"

ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷர் என்றேன். அவள் காத்திருந்தாள். வகுப்பு நடத்தியவர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டு, இந்த லேப்டாப்பை மட்டும் விட்டுவிட்டு, கதவருகில் போய் நின்றுகொண்டார்.

"இனிமே நீங்களே பாருங்க, அக்கா வேணாம்னார்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். அவர் புதிதாகக் கடை போட்டு, தெருவில் யாரும் அவரை நம்பாத காலத்தில் முதன்முதலில் கணக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அவர் கடைக்கு லைசென்ஸ் வாங்கப் படியேறி இறங்கியவள் அவள்தான். அதையெல்லாம் சொல்லி அங்கலாய்ப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. லேப்டாப் மூடியை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி மூடினாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கே அந்த டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கு என்றாள். அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்பாராம். அவள் சொன்னால் பாதிதான் வருமாம், மீதி அவளுக்கே தெரியாதாம். அதனால் நானும் கூட வர வேண்டுமாம். வருகிறேன் என்றேன்.

"இப்போ என்கிட்ட சொன்ன மாதிரியே அவர்கிட்டயும் சொல்லணும். டயர்க்கடைக்காரர் சொன்னது வரைக்கும்."

"சரிக்கா."

"நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேனேன்னு பார்க்காதே. திருத்தாம சொல்லு."